காருக்குத் தழை தெரியுமா?

நான் பத்தாம் வகுப்பு வரை படித்த குடும்பத் தலைவி. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஓட்டத் தெரியாதவள் காரைப் பற்றி என்ன எழுதப் போகிறாள் என்று நினைக்க வேண்டாம். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போகும் என்னைப் போன்ற சகோதரிகளுக்காகத்தான் எழுதுகிறேன்.

என் கணவர் இரும்புக்கடை வைத்திருக்கிறார். பழைய காரைக் கொடுத்துவிட்டு 2024-ல் கடன் போட்டுப் புதுக் கார் வாங்கினார். அதில் 'அடாப்டிவ் க்ரூஸ் கன்ட்ரோல்', 'லேன் கீப் அசிஸ்ட்' என்று இரண்டு வசதிகள். முன்பு பெரிய பணக்காரர்களின் கார்களில் மட்டும் இருந்தவை, 2021-க்குப் பிறகு நம்மைப் போன்றவர்கள் வாங்கும் கார்களிலும் வந்துவிட்டன.

முதல் வசதியில், 90 கிலோமீட்டர் என்று வேகத்தை வைத்துவிட்டால் ஆக்சிலேட்டரில் கால் வைக்கவே வேண்டாம். முன்னால் போகிற வண்டி மெதுவானால் நம் காரும் தானாக மெதுவாகி, இடைவெளி விட்டுப் பின்னால் போகும். இரண்டாவது, ரோட்டில் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டைப் பார்த்து, கார் கோட்டைத் தாண்டப் போனால் ஸ்டியரிங்கை லேசாகத் திருப்பி உள்ளே கொண்டுவரும். முதல் நாள் இதைப் பார்த்த என் மாமியார், "என்னடா இது, ஆளே ஓட்டாம வண்டி போவுது!" என்று வாயில் கை வைத்துக்கொண்டார்.

ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் 'பீப் பீப்' என்று கத்தும். கடைக்கு வரும் ஒருவர், "தண்ணி பாட்டிலை ஸ்டியரிங்ல கட்டி விடுங்க, கை இருக்குன்னு நெனச்சுக்கும்" என்று யோசனை சொல்லியிருக்கிறார். இவரும் கட்டிவிட்டார். நான் வேண்டாம் என்றதற்கு, "உனக்கு என்ன தெரியும், பேசாம வா" என்று விட்டார்.

போன ஆவணியில் தாம்பரத்தில் ஒரு கல்யாணம். திருச்சியிலிருந்து விடியற்காலை நான்கு மணிக்கே கிளம்பிவிட்டோம். பின் சீட்டில் மாமியாரும் மகனும் தூங்கிவிட்டார்கள். டிரைவர் பக்கத்தில் உட்காருகிறவர் தூங்கக் கூடாது என்று என் அப்பா சொல்வார். அதனால் நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

பெரம்பலூர் தாண்டி, தொழுதூர் வருவதற்கு முன்பு, ஒரு பஸ்ஸின் பின்னால் எங்கள் கார் தானாகப் போய்க்கொண்டிருந்தது. இவர் செல்போனில் பாட்டு மாற்றிக்கொண்டிருந்தார். திடீரென்று பஸ் வலது பக்கம் விலகியது. முன்னால் வண்டி இல்லை என்று நினைத்த எங்கள் கார் சர்ரென்று வேகம் எடுத்தது. ஹெட்லைட் வெளிச்சத்தில் ரோட்டில் வேப்பந்தழை கிடப்பது தெரிந்தது.

"ஏங்க, தழை! தழை!" என்று கத்தினேன்.

இவர் பதறிப்போய் பிரேக்கை மிதித்தார். கார் கிறீச்சிட்டு நின்றபோது, லைட் இல்லாமல் நின்ற லாரியின் பின்பக்கம் இரண்டு முழ தூரத்தில் இருந்தது. ஜாக்கி வைத்து டயர் கழற்றிக்கொண்டிருந்த பையன் எழுந்து எங்களையே பார்த்தான். பதினெட்டு, பத்தொன்பது வயதுதான் இருக்கும். அந்த முகம் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

தழை போட்டிருந்தால் வண்டி ரிப்பேர் என்று நம் ஊரில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். காருக்குத் தெரியுமா?

இவர் ஒன்றும் பேசாமல் பாட்டிலை அவிழ்த்துப் போட்டார். "காரு கெடக்கட்டும், நீ ரோட்டைப் பாருடா" என்று மாமியார் அழுதுவிட்டார்.

ஊர் திரும்பியதும், காரோடு கொடுத்த புத்தகத்தை எடுத்தேன். பிரிக்காமலே கிடந்தது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகன் வாசித்து அர்த்தம் சொல்ல, நான் தமிழில் நோட்டில் எழுதிக்கொண்டேன். எங்களுக்கு நடந்தது அப்படியே அதில் இருந்தது! முன்னால் போகிற வண்டி விலகினால் கார் நாம் வைத்த வேகத்துக்குப் போகுமாம். நின்றுகொண்டிருக்கும் வண்டியை அது கண்டுகொள்ளாமல் போகலாமாம். குறுக்கே வரும் மாடு, ஆள், எதிர்த்திசையில் வரும் பைக் இவற்றையும் நம்பி விட முடியாது. கோடு அழிந்த இடத்திலும், ரோடு வேலை நடக்கும் இடத்திலும் இரண்டாவது வசதி வேலை செய்யாது.

காரின் கண்கள் இரண்டு. எங்கள் காரில் முன் பம்பரில் ராடார், உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் கேமரா. பலத்த மழை, பனிமூட்டம், சேறு, எதிர் வெயில் எல்லாம் இவற்றை மறைக்கும். ஆயுத பூஜைக்குச் சந்தனம் பூசுவதும், கேமரா முன்னால் சாமி ஸ்டிக்கர் ஒட்டுவதும்கூடக் காரின் கண்ணைக் கட்டுவதுதான்.

தானாக ஓடும் தன்மையை வைத்துக் கார்களை 0 முதல் 5 வரை படி பிரித்திருக்கிறார்கள். இந்த இரண்டு வசதியும் சேர்ந்து வேலை செய்யும் எங்கள் கார் இரண்டாம் படி. அதில் முழுப் பொறுப்பும் ஓட்டுகிறவருக்கே. 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 25 மீட்டர் போகும் என்று மகன் கணக்குப் போட்டுக் காட்டினான். இரண்டு நொடி செல்போனைப் பார்த்தால் 50 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியது மாதிரி!

வசதியைக் குறை சொல்லவில்லை. நீண்ட தூரம் போனால் இவருக்கு முழங்கால் வலி குறைகிறது. இண்டிகேட்டர் போடாமல் கோட்டைத் தாண்டினால் ஸ்டியரிங் இழுப்பதால், இப்போது ஒழுங்காக இண்டிகேட்டர் போடுகிறார். ஆனால் பகலில், கோடு தெளிவாக உள்ள நான்கு வழிச் சாலையில் மட்டும்தான் அந்தப் பட்டன். கை ஸ்டியரிங்கில், கண் ரோட்டில். செல்போன் என் மடியில்.

சகோதரிகளே, உங்கள் வீட்டுக் காரில் இந்த வசதி இருந்தால் அந்தப் புத்தகத்தை ஒரு முறை பிரித்துப் பாருங்கள். ஆங்கிலம் தெரியாவிட்டால் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுங்கள். "உனக்கு என்ன தெரியும்" என்று சொன்னாலும் பரவாயில்லை, ரோட்டைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். அன்று நானும் தூங்கியிருந்தால், அந்தப் பையனின் அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?

– ஒரு வாசகி, திருச்சி.