கொள்கைக்கு ஈடாக வரும் கடன்

அணைக்கு என்றும் பாலத்துக்கு என்றும் பெயர் சொல்லி வாங்கும் கடனை எல்லாரும் அறிவர். ஆனால் ஒரு சர்க்கார் தன் வரவு செலவையும் நிர்வாகத்தையும் இன்ன வகையில் சீர்படுத்திக்கொள்ளச் சம்மதித்தது என்பதற்காகவே கஜானாவில் வந்து சேரும் கடனும் உண்டு. அதன் இயல்பைத் திருவனந்தபுரத்தின் சமீப சரித்திரத்தைக் கொண்டே நன்கு விளங்கிக்கொள்ளலாம்.

2001-இல் ஏ.கே. ஆண்டனியின் மந்திரிசபை பதவியேற்றபோது, கல்வியிலும் ஆரோக்கியத்திலும் பாரத தேசத்துக்கே முன்மாதிரியாக விளங்கிய கேரளத்தில், சம்பளமும் ஓய்வூதியமும் பழைய கடனின் வட்டியுமே வருவாயின் பெரும்பகுதியை விழுங்கிவிட, அன்றாடச் செலவுக்கே கடன் வாங்கும் நிலை ஏற்பட்டிருந்தது. ஊழியர்களின் சில சலுகைகளைக் குறைக்க சர்க்கார் முற்பட்டதும், 2002-இன் தொடக்கத்தில் அரசு ஊழியரும் ஆசிரியரும் 32 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவ்வருஷம் டிசம்பரில், மணிலாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஆசிய வளர்ச்சி வங்கி, கேரளத்தின் நிர்வாக நவீனமயமாக்கத்துக்கும் நிதிச் சீர்திருத்தத்துக்குமாக 20 கோடி டாலர் கடனை அங்கீகரித்தது. மறு வருஷம், வருவாய்ப் பற்றாக்குறையை ஒழிப்பதை லட்சியமாகக் கொண்ட நிதிப்பொறுப்புச் சட்டம் கேரளத்தில் இயற்றப்பட்டது.

இத்தகைய கடனில் சிமெண்டுக்கும் கம்பிக்கும் கணக்குக் கேட்பாரில்லை. ஒப்புக்கொண்ட சீர்திருத்தங்கள் நிறைவேறினவா என்று பார்த்தே பணம் விடுவிக்கப்படும். அப்பணமும் மாநிலத்துக்கு நேரே வருவதில்லை. மத்திய சர்க்கார் பெற்று, அக்கால முறைப்படி நூற்றுக்கு 70 பங்கைக் கடனாகவும் 30 பங்கை மானியமாகவும் ரூபாயில் வழங்கியது. 2005-க்குப் பின் அந்த ஏற்பாடு மாறி, வெளிநாட்டுக் கடன் அதன் நிபந்தனைகளோடு அப்படியே மாநிலத்தின் தலையில் வருவதாயிற்று. ரூபாயின் மதிப்பு சரிந்தால் அந்த நஷ்டமும் மாநிலத்தையே சாரும்.

அன்று இடதுசாரிக் கட்சிகள் இக்கடனைத் தீவிரமாக எதிர்த்தன. ஆயினும் அதே கட்சிகளின் ஆட்சியில், 2006-இல், ஐந்து மாநகராட்சிகளின் அபிவிருத்திக்காக அதே வங்கியுடன் ஒப்பந்தம் கையெழுத்தாகி, ஆளும் முன்னணிக்குள்ளேயே பெரும் சர்ச்சை மூண்டது. 2018-இன் பெருவெள்ளத்துக்குப் பிறகு, 2019 ஜூனில் உலக வங்கி 25 கோடி டாலரை அளித்ததும், நதிப்படுகைப் பராமரிப்பு, விவசாயம், சாலை முதலியவற்றில் கொள்கை மாற்றங்களை ஆதாரமாகக் கொண்ட கடனே. ஆக, எந்தக் கட்சி ஆண்டாலும் இவ்வகைக் கடனின் தேவை எழுந்தே தீர்கிறது.

வருவாய்க்கு மீறிச் செலவிடாதே என்ற உபதேசத்தில் தோஷம் ஒன்றுமில்லை. நம் பாட்டிமாரும் அதையே சொன்னார்கள். ஆனால் ஊழியரின் ஓய்வூதியத்தையும் ஏழையின் குடிநீர்க் கட்டணத்தையும் தொடக்கூடிய ஒரு முடிவு, மக்கள் பிரதிநிதிகளின் விவாதத்தில் பிறக்காமல், அதிகாரிகளும் வங்கியின் நிபுணர்களும் கூடிய அறையில் பிறக்குமாயின், அது எத்துணை நன்மை பயப்பதாயினும் ஜனங்களுக்கு அன்னியமாகவே தோன்றும். ஆகவே இனி இத்தகைய ஒப்பந்தம் எது வந்தாலும், கையொப்பம் இடுவதற்கு முன்பே அதன் நிபந்தனைகள் அனைத்தையும் சட்டசபையில் வைத்து, மலையாளத்திலும், தமிழர் வாழும் எல்லைப் பகுதிகளுக்குத் தமிழிலும் அச்சிட்டு வழங்கவேண்டும் என்று வாசகர்கள் தங்கள் தொகுதி உறுப்பினரிடம் வற்புறுத்திக் கேட்பார்களாக.