‘நைஸ்’ நல்ல சொல்லா?

வால்பாறையில் மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலை வேளை. தேயிலைத் தோட்டத்தில் நெடுங்காலம் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற மூதாட்டி ஒருவர், எட்டாம் வகுப்பில் பயிலும் பேத்தியுடன் நம் இல்லத்திற்கு வந்தார். அவருக்குக் கிடைத்த பணிக்கொடைப் பணத்தை, அறிமுகமான ஒருவன் ஏதோ தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டு கைப்பற்றிவிட்டான். “நைஸா பேசி ஏமாத்திப் போட்டானுங்க சாமி” என்று கண்கலங்கினார். காவல் நிலையத்திற்கு மனு எழுத அமர்ந்தோம். பேத்தி குறுக்கிட்டாள்: “ஃபாதர், நைஸ்னா நல்லதுன்னு எங்க டீச்சர் சொன்னாங்க. அம்மாயி அந்தத் திருடனப் போயி நைஸ்ங்கிறாங்களே?”

கேள்வி நியாயமானதே. குருமடத்தில் பயின்ற இலத்தீன் அன்று நமக்குக் கைகொடுத்தது. ‘ஸ்கீரே’ என்றால் அறிதல். ‘நே’ என்பது எதிர்மறை. இரண்டும் கூடிய ‘நெஸ்கியுஸ்’ என்பதற்கு அறியாதவன் என்று பொருள். அறிவியலைக் குறிக்கும் ‘சயின்ஸ்’ என்னும் சொல்லும் அதே ‘ஸ்கீரே’யின் வழித்தோன்றலே! ‘நெஸ்கியுஸ்’ பிரெஞ்சு மொழியில் ‘நீஸ்’ ஆகி, ஏறத்தாழ 1300-இல் ஆங்கிலத்தினுள் புகுந்தபோது ‘மூடன்’ என்றே பொருள்பட்டது. பின்னர் கூச்சமுள்ள, எளிதில் மனநிறைவு கொள்ளாத, நுட்பமான எனப் படிப்படியாக மாறி, 18-ஆம் நூற்றாண்டில் ‘இனிய’ என்ற பொருளை அடைந்தது. அதன்பின் எதற்கெடுத்தாலும் அச்சொல்லே. 1817-இன் இறுதியில் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘நார்த்தாங்கர் அபே’ புதினத்தில், கதைத்தலைவன் இப்பழக்கத்தை நன்றாகவே கேலி செய்கிறான்.

மூடத்தனத்தைக் குறித்த சொல் மென்மையைக் குறிப்பதாவது விந்தையன்று. நம் முன்னோர் அச்சம், மடம், நாணம் என்று பெண்மைக்கு இலக்கணம் வகுத்தபோது, அந்த ‘மடம்’ அறியாமைதானே? (குருமடத்தில் உள்ள மடம் வேறு!) அறியாமையை அழகென்று போற்றியதில் இரு மொழியினரும் ஒத்தே இருந்திருக்கின்றனர். அது நமக்கு உவப்பானதன்று.

தமிழகத்திற்கு வந்த ‘நைஸ்’ வேறு வழியில் நடந்தது. மாவு மில்லில் ‘நைஸாக அரைத்துக் கொடுங்கள்’ என்கிறோம். துணியைத் தடவி ‘நைஸாக இருக்கிறது’ என்கிறோம். அங்கெல்லாம் நுண்மையும் வழுவழுப்பும் பொருள். வழுவழுப்பான பேச்சு வலையாக மாறும்போது ‘நைஸாகப் பேசினான்’ என்கிறோம். ஓசைப்படாமல் நழுவினால் ‘நைஸாகப் போய்விட்டான்’. இப்பொருள் ஆங்கிலேயருக்கே புதிது.

பேத்தி இவற்றை எவ்வளவு விளங்கிக்கொண்டாளோ, மூதாட்டி முழுவதையும் செவிமடுத்திருந்தார். “அப்படீன்னா ஆதியில ஒண்ணுந் தெரியாதவங்களத்தான் நைஸ்னாங்களா சாமி? அப்ப நைஸ் நான்தானுங்க, அவன் இல்ல” என்றார்.

நமக்கு மறுமொழி தோன்றவில்லை. மனுவை இருமுறை உரக்கப் படித்துக் காட்டினோம். முன்னர் கைநாட்டு வைத்தபோது எவரும் அவருக்குப் படித்துக் காட்டவில்லையாம். பேத்தி ஸ்டாம்பு பேடைத் திறந்து பிடித்தாள்.