ஸம்சயத்தில் தொடங்கும் ஆய்வு
வ்யாக்யானங்களை முனைவர்ப் பட்டத்திற்கு எடுப்போர் திட்டவரைவு அமைக்கும் முறை

பூர்வாசார்யர்களின் வ்யாக்யானங்களை முனைவர்ப் பட்ட ஆய்விற்கு எடுத்துக்கொள்பவர் முதலில் அமைக்க வேண்டுவது ஆய்வுத் திட்டவரைவு. ஸந்தை சொல்லி, காலக்ஷேபம் கேட்டு வளர்ந்தவர்க்கே இது பெரிய தடையாகிவிடுகிறது. அவர் இளமை முதல் கேட்டுவந்தது ஸித்தாந்தம். நெறியாளர் அவரிடம் கேட்பதோ ஸம்சயம். "ஈட்டில் பக்தி" என்றோ, "நம்பிள்ளையின் உரைத்திறன்" என்றோ தலைப்பிட்டு, ஆசார்ய வைபவத்தை இருபது பக்கம் எழுதிக்கொண்டு போகிறார். "இதில் வினா எங்கே?" என்று கேட்டு நெறியாளர் திருப்பித் தந்துவிடுகிறார். நெறியாளர்க்கு ஸம்ப்ரதாயத்தில் ருசியில்லை என்று மாணவரும், மாணவர்க்கு ஆய்வு நோக்கில்லை என்று நெறியாளரும் எண்ணும்படி ஆகிறது. இரண்டும் தவறு. வினாவெழுப்பும் முறை மாணவர் கற்ற நூல்களிலேயே இருக்கிறது.

ஸ்ரீபாஷ்யத்தில் ஓர் அதிகரணம் நடக்கும் அடைவை நோக்கினால் இது விளங்கும். முதலில் விஷயம், அதன்மேல் ஸம்சயம், அதற்குப் பூர்வபக்ஷம், பிறகே ஸித்தாந்தம். முன்னதோடு ஸங்கதியும், நிர்ணயத்தினால் வரும் ப்ரயோஜனமும் உடன் காட்டப்படும். ஆய்வுத் திட்டவரைவு கேட்பவையும் ஏறக்குறைய இவையே. ஆய்வுப்பொருளாவது விஷயம். ஆய்வு வினாவாவது ஸம்சயம். முன்னாய்வுகளை எடுத்துரைத்து, அவை எதுவரை சென்றன, எங்கே நின்றன என்று காட்டுவது பூர்வபக்ஷமும் ஸங்கதியும் சேர்ந்ததோர் இடம். ஆய்வின் பயன் ப்ரயோஜனம். ஸித்தாந்தத்திற்குத் திட்டவரைவில் இடமில்லை. அது ஆய்வேட்டிற்கு உரியது. கருதுகோள் என்று ஒன்று எழுதப்படுமாயினும், ஆதாரங்கள் எதிராக நின்றால் விட்டுவிடத் தக்கதாகவே அது இருத்தல் வேண்டும். எதனாலும் மாறாத கருத்தைக் கருதுகோள் என்று எழுதுவது பெயரளவே.

ஆசார்யர்களின் திருவாக்கில் ஸம்சயம் எழுப்புவது அபசாரமாகாதோ என்னும் அச்சம் நல்ல மாணவர்க்கு உண்டு. அதற்கு மறுமொழி எம்பெருமானாருடைய சரித்திரத்திலேயே இருக்கிறது. திருக்கோட்டியூர் நம்பியின் நியமனப்படி எம்பெருமானார் திருமாலையாண்டானிடத்தில் திருவாய்மொழிக்குப் பொருள் கேட்டருளினார். இரண்டாம் பத்து மூன்றாம் திருவாய்மொழியின் மூன்றாம் பாசுரத்தை, ஆளவந்தாரிடம் தாம் கேட்டபடியே ஆழ்வாருடைய வருத்தமாக ஆண்டான் நிர்வஹித்தார். முன்னும் பின்னும் உள்ள பாசுரங்கள் இனிமை மிக்குச் செல்ல, நடுவே வருத்தம் பொருந்தாது என்று கண்ட எம்பெருமானார், சொற்களை வேறுபட அந்வயித்து, ஈசுவரன் செய்த உபகாரத்திற்கு ஈடுபடுவதாகப் பொருள் ஸாதித்தார். இது விச்வாமித்ர ஸ்ருஷ்டி என்று ஆண்டான் பாடத்தை நிறுத்திவிட்டார். பின்பு நம்பி எழுந்தருளி, அப்பொருளையும் ஆளவந்தார் திருவாயாலே தாம் கேட்டதுண்டென்று சொல்லிப் பாடம் தொடரச் செய்தார்.

மாணவர் இங்கே கொள்ள வேண்டுவன மூன்று. ஸம்சயம் ஆழ்வார் பக்கலிலன்று, அந்வயத்தின்மேல் எழுந்தது. மாற்றுப்பொருளுக்குப் பாசுரங்களின் அடைவே ஆதாரமாகக் காட்டப்பட்டது. தீர்வு, முன்னோர் சொன்னதை நேரே கேட்ட இன்னொருவரின் ஸாக்ஷியத்தினால் வந்தது. வினா, ஆதாரம், சான்று என்று திட்டவரைவில் கேட்கப்படுவன இவையே. இந்த வேறுபாட்டை மறைக்காமல் இருவர் நிர்வாஹத்தையும் காட்டிச் செல்கிறது ஈடு.

ஆய்வு இடைவெளி என்று இன்று சொல்லப்படுவதற்கும் நம்மிடம் உதாரணம் உண்டு. பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை அருளிய வ்யாக்யானத்தின் பெரும்பகுதி லுப்தமாயிற்று. மணவாள மாமுனிகள் அவ்வளவிற்கு மட்டும் வ்யாக்யானம் இட்டருளி, பிள்ளையின் ஸ்ரீஸூக்தி கிடைக்கும் இடத்திலே நிறுத்திக்கொண்டார். தாம் எழுத வல்லது எவ்வளவு என்பதன்று அங்கே அளவு. முன்னோர் நூலில் இல்லாதது எவ்வளவு என்பதே.

இனி ஆய்வெல்லை. ஒரு படியாவது முப்பத்திரண்டு எழுத்துக் கொண்ட ஒரு க்ரந்தம். ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, பன்னீராயிரப்படி, இருபத்துநாலாயிரப்படி, ஈடு முப்பத்தாறாயிரப்படி ஆகிய ஐந்தும் சேர்ந்து 87,000 படி, எழுத்துக்கணக்கில் 27,84,000. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, முனைவர்ப் பட்டத்திற்குக் குறைந்தது 3 ஆண்டுகள், பொதுவாக மிகுந்தது 6 ஆண்டுகள். அதற்குள் பாடநெறியும் முடிய வேண்டும். ஐந்து வ்யாக்யானங்களையும் முழுவதும் ஒப்பிடுவதாக எழுதும் திட்டவரைவை ஆய்வு ஆலோசனைக் குழு ஏற்கத் தயங்குமானால் அதில் வியப்பில்லை.

சுருக்கும் வழியை ஓர் உதாரணத்தால் காட்டலாம். "ஈட்டில் பக்தி" என்பதை விட்டு, "ஈட்டில் பெயர் சுட்டிய நிர்வாஹங்கள்" என்று கொள்க. ஆளவந்தார், எம்பெருமானார், பட்டர், நஞ்சீயர் முதலானோர் பெயரால் வரும் பொருள்கள் இவை. அதனையும் முதல் மூன்று பத்துகளோடு நிறுத்தினால் 332 பாசுரங்கள். வினா இப்படி அமையும்: இந்நிர்வாஹங்கள் மற்ற வ்யாக்யானங்களில் உள்ளனவா? உள்ளனவாயின் பெயரோடா, பெயரின்றியா? இருபத்துநாலாயிரம் அருளிய பெரியவாச்சான் பிள்ளையும், ஈட்டை ஏடுபடுத்திய வடக்குத் திருவீதிப் பிள்ளையும் நம்பிள்ளை ஒருவரிடமே கேட்டவர்கள். ஒரே ஆசார்யனிடம் கேட்ட இருவர் ஏடுகளும் ஒரு நிர்வாஹத்தை எவ்வாறு காக்கின்றன என்பது விடை முன்பே தெரியாத வினா. ஆகவே அது நல்ல வினா.

திட்டவரைவு எழுதுவதற்கு முன்பே இரண்டாம் பத்தின் 112 பாசுரங்களை மட்டும் எடுத்து ஓர் அட்டவணை இடுவது நலம். பாசுர எண், நிர்வாஹம் எவருடையது, வேறுபாடு அந்வயத்திலா, சொற்பொருளிலா, பாசுரத்தின் பாவத்திலா, மற்ற நான்கும் சொல்வது என்ன, அரும்பதவுரை காட்டுவது என்ன என்று கட்டம் கட்டிக்கொள்ளலாம். இவ்வட்டவணை நிரம்பும்போதே வினா ஆய்விற்குத் தாங்குமா தாங்காதா என்பது தெரிந்துவிடும். தாங்காதென்றால், சில வாரங்களோடு போயிற்று, மூன்றாண்டு போகவில்லை.

முன்னாய்வுகளையும் விடலாகாது. மணிப்ரவாள நடை குறித்து கே. கே. ஏ. வேங்கடாசாரியார் எழுதிய நூல் 1978இல் வெளிவந்தது. ஆறாயிரப்படியைப் பற்றி ஜான் கார்மனும் வசுதா நாராயணனும் எழுதியது 1989இல் வந்தது. பு. ரா. புருஷோத்தம நாயுடு ஈட்டைத் தமிழாக்கித் தந்திருக்கிறார். இவற்றின் பெயர்களை அடுக்குவது முன்னாய்வு ஆகாது. தம் வினாவிற்கு ஒவ்வொன்றும் எவ்வளவு விடை தருகிறது என்று இரண்டு வாக்கியத்தில் சொல்வதே முன்னாய்வு. மூலபாடத்திற்கு எந்தப் பதிப்பு என்பதையும் குறிக்க வேண்டும். புத்தூர் கிருஷ்ணஸ்வாமி அய்யங்கார் பதிப்புகள் பலர் கையிலும் உள்ளன. தெலுங்கு லிபியில் அச்சான பழைய பதிப்புகளும் உண்டு. பாடபேதம் வினாவைத் தொடும் இடங்களில், சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் போன்ற இடங்களில் உள்ள சுவடிகளைக் காண்பதாகத் திட்டத்திலேயே எழுதிவிடல் வேண்டும்.

இவ்வாய்விற்கு இருவர் துணை தேவை. பொருளைச் சொல்பவர் காலக்ஷேப ஆசார்யர். சொன்ன பொருளை எதனால் நிலைநாட்டுவது என்று கேட்பவர் நெறியாளர். ஒருவர் வேலையை மற்றவரிடம் எதிர்பார்க்கலாகாது. மணிப்ரவாளத்தில் பயிற்சியில்லாத நெறியாளர் வாய்த்தால், ஒரு பாசுரத்து வ்யாக்யானத்தை வரிவரியாகப் பிரித்து எழுதி அவர் முன் வைப்பது மாணவர் கடமை. அப்படி எழுதும்போது, தமக்கே விளங்காமல் கடந்துவந்த இடங்கள் மாணவர்க்குத் தென்படும். நெறியாளர் அங்கே எழுப்பும் கேள்வியை எடுத்துக்கொண்டு ஆசார்யரிடம் திரும்பலாம். அக்கேள்விக்கு அவரும், "இதை முன்பு எவரும் கேட்கவில்லை, ஏட்டைப் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்வாரானால், திட்டவரைவின் முதல் வாக்கியம் கிடைத்துவிட்டது என்று கொள்ளலாம்.