தினமும் ஓடும் காருக்கு எந்த கிளட்ச், எந்த ஃப்ளைவீல்?

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், தம்பி. கொஞ்சம் நீளமான விஷயம். உங்கள் பெட்ரோல் காரில் கிளட்ச் தேய்ந்துவிட்டது. எப்படியும் கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும், அப்படியே ஃப்ளைவீலையும் எடை குறைந்ததாக மாற்றிவிடலாமா என்கிறீர்கள். நியாயமான கேள்விதான். இறக்கி ஏற்றும் கூலி ஒருமுறையோடு முடியும். ஆனால் இதே காரில்தான் தினமும் ஆபீஸ் போகப் போகிறீர்கள். அதை மறக்காமல் பேசுவோம்.

நான்கு சிலிண்டர் இன்ஜினில் கிராங்க் ஒரு சுற்று வருவதற்குள் இரண்டு முறைதான் வெடிப்பு நடக்கிறது. ஐடிலில் நிமிடத்துக்கு 800 சுற்று என்றால், நொடிக்குச் சுமார் 27 உதை. ஓர் உதைக்கும் அடுத்ததற்கும் நடுவே கிராங்க் தளரும். அந்தத் தளர்ச்சியைத் தாங்குவது ஃப்ளைவீல். குயவர் திகிரியைச் சுழற்றிவிட்டுக் கையை எடுத்த பிறகும் அது ஓடிக்கொண்டே இருக்கிறதே, அதே வேலைதான். கனம் எங்கே இருக்கிறது என்பதும் இதில் சேரும். விளிம்பில் உள்ள ஒரு கிலோவுக்கு, பாதி ஆரத்தில் உள்ள ஒரு கிலோவைவிட நான்கு மடங்கு வலு. ஆகவே ‘இத்தனை கிலோ குறைவு’ என்று மட்டும் போட்டு விற்றால் அது பாதிக் கணக்கு.

குறைத்தால் என்ன கிடைக்கும்? கணக்குப் போட்டே பார்க்கலாம். மையத்திலிருந்து 10 செ.மீ. தூரத்தில் மூன்று கிலோ எடுத்துவிட்டோம் என்று வையுங்கள். டயரின் ஆரம் 29 செ.மீ., முதல் கியரில் மொத்த விகிதம் 14. வேகமெடுக்கும்போது இது காரிலிருந்து 70 கிலோவை இறக்கியதற்குச் சமம், அதாவது ஓர் ஆள். ஐந்தாவது கியரில் விகிதம் 3.3 என்றால் பலன் வெறும் நான்கு கிலோ. இன்ஜினின் சக்தி கூடுவதே இல்லை. ஒரே வேகத்தில் போகும்போது வித்தியாசமும் இல்லை. முதல் இரண்டு கியரின் சுறுசுறுப்பு, கியர் மாற்றும்போது ஆர்.பி.எம். சட்டென்று ஏறி இறங்குவது, இவ்வளவுதான் வரவு.

செலவும் அதே முதல் கியரில்தான். மேம்பாலத்து ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது, பழைய கனமான ஃப்ளைவீல் தன் சேமிப்பைக் கொடுத்து வண்டியை நகர்த்திவிடும். எடை குறைந்ததில் அந்தச் சேமிப்பு கிடையாது. ஆக்சிலரேட்டரைக் கூடுதலாகக் கொடுத்து, ஹாஃப் கிளட்சை நீட்டிப் பிடிக்க வேண்டும். ஏ.சி. கம்ப்ரசர் பிடிக்கும் நொடியில் ஐடில் தொய்யும். சில கார்களில் கிராங்க்கின் துடிப்பை மிஸ்ஃபயர் என்று எடுத்துக்கொண்டு இ.சி.யூ. செக் இன்ஜின் விளக்கையும் போட்டுவிடும்.

இங்கேதான் கிளட்ச் வருகிறது. இரண்டையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுப்பதால்தான் பல நல்ல கார்கள் கெட்டுப்போகின்றன. கிளட்ச் எவ்வளவு டார்க் தாங்கும் என்பது பிரஷர் பிளேட் அழுத்தும் விசை, உராய்வு, உரசும் பரப்பின் சராசரி ஆரம், எத்தனை முகங்கள் என்பதைப் பொறுத்தது. செராமிக் துண்டுகள் பதித்த பிளேட்டில் உராய்வு அதிகம், சூட்டையும் தாங்கும். ஆனால் அது மெதுவாகப் பிடிக்காது, கவ்வும். எடை குறைந்த ஃப்ளைவீலுக்கு ஹாஃப் கிளட்ச் அதிகம் வேண்டும். செராமிக் பிளேட் ஹாஃப் கிளட்சுக்கு ஒத்துக்கொள்ளாது. இந்த ஜோடி செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் சுற்றும் வண்டிக்குப் பொருந்தும். சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் வண்டிக்கு வேண்டவே வேண்டாம்.

இன்ஜினில் கை வைக்கவில்லை என்றால் கம்பெனி கிளட்சே போதும். அதன் தாங்குதிறன் இன்ஜினின் டார்க்கைவிடக் கூடுதலாக வைத்துத்தான் செய்கிறார்கள். ரீமேப் செய்து டார்க் கூட்டியிருந்தால், முழு வட்ட ஆர்கானிக் லைனிங், நடுவில் ஸ்பிரிங் உள்ள பிளேட், சற்று இறுக்கமான பிரஷர் பிளேட். மிகவும் இறுக்கமானதை எடுத்தால் பெடல் கனக்கும், கேபிளும் ரிலீஸ் பேரிங்கும் சீக்கிரம் போகும். ‘ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2’ என்ற பெயர்களை நம்பாதீர்கள். அவற்றுக்குப் பொது அளவு இல்லை. எத்தனை நியூட்டன் மீட்டர் தாங்கும் என்று கேளுங்கள்.

ஃப்ளைவீலில் என் யோசனை, கால் பங்குக்கு மேல் எடை குறைக்காதீர்கள். பிளேட் உரசும் சூட்டை உறிஞ்சுவதும் அந்த இரும்புதான். டூயல் மாஸ் ஃப்ளைவீல் உள்ள டீசல் காராக இருந்தால் அதைத் தொடவே வேண்டாம் என்பேன். அதிர்வை விழுங்குவதே அதன் வேலை; கழற்றினால் ஐடிலில் கியர்பாக்ஸ் கடகடக்கும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பழைய வார்ப்பிரும்பு ஃப்ளைவீலை லேத்தில் கொடுத்துப் பின்பக்கம் சீவி எடை குறைக்காதீர்கள். 27 செ.மீ. விட்டமுள்ள ஃப்ளைவீல் 6,500 ஆர்.பி.எம்.மில் சுற்றும்போது விளிம்பின் வேகம் மணிக்கு 330 கி.மீ.க்கு மேல். வார்ப்பிரும்பு வளையாது, வெடிக்கும். அது சுற்றுவது உங்கள் கால்களுக்குப் பக்கத்தில். எடை குறைந்தது வேண்டுமென்றால் ஃபோர்ஜ் செய்த ஸ்டீலில் வாங்குங்கள். அமெரிக்காவின் எஸ்எஃப்ஐ 1.1 சான்று இருந்தால் நல்லது. பிளேட் உரசும் முகத்தை மட்டும் சமமாக்குவது வேறு வேலை. அதைக் கம்பெனி சொன்ன அளவுக்குள் தாராளமாகச் செய்யலாம்.

கியர்பாக்ஸ் கீழே இருக்கும்போதே ரிலீஸ் பேரிங்கையும் கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீலையும் மாற்றிவிடுங்கள். சீல் கசிந்தால் புது பிளேட்டில் எண்ணெய் ஏறி வழுக்கும். ஃப்ளைவீல் போல்ட் புதிதாகப் போட்டு, டார்க் ரெஞ்சில் இறுக்கச் சொல்லுங்கள். பூட்டிய பிறகு முதல் 800 கி.மீ. முரட்டுத்தனமாகக் கிளப்பாமல் ஊருக்குள்ளேயே ஓட்டுங்கள். ஹைவேயில் ஒரே கியரில் போகும் தூரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கே கிளட்ச் உரசுவதே இல்லை.