எழுதாத கடன்

பெண் பார்க்கப் போன இடத்தில் "மாப்பிள்ளைக்குச் சம்பளம் எவ்வளவு?" என்று கூச்சமில்லாமல் கேட்கிறோம். "கடன் எவ்வளவு?" என்று எந்தப் பக்கத்தாரும் கேட்பதில்லை.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதுவென்று மத்ரஸாப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள்: சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம். அது கடனை எழுதி வைப்பது பற்றியது. தவணை குறிக்க வேண்டும், எழுதுபவர் நீதமாக எழுத வேண்டும், சாட்சிகள் வேண்டும், தொகை சிறிதென்றாலும் எழுதச் சோம்பக் கூடாது. இவை ஜும்ஆவில் கேட்டவைதான். நான் அதிகம் யோசிப்பது இன்னொன்றை: வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கொடுத்தவரல்லர், வாங்கியவர். "இவ்வளவு வாங்கினேன், இந்த நாளில் தருவேன்" என்று தன் வாயாலேயே அவர் சொல்ல வேண்டும்.

நம்மிடம் நடப்பது என்ன? இரண்டு லட்சம் கேட்டு வந்த மச்சானிடம் ஒரு துண்டு எழுதித் தரச் சொன்னால், "என்ன, நம்பிக்கையில்லையா?" என்று முகம் மாறிவிடும். பேங்கில் பத்து இடத்தில் கையெழுத்து வைக்கும்போது அந்த முகம் மாறுவதில்லை!

கிழக்கில் இந்த மௌனம் குடியிருப்பது பெண்பிள்ளைக்குக் கட்டிக் கொடுக்கும் வீட்டில். பிளேட் போட வாப்பா எடுத்த கடன், அடகில் கிடக்கும் உம்மாவின் காப்பு, கலியாணம் முடிக்காமல் கத்தாரிலிருந்து காக்கா அனுப்பும் காசு. மாப்பிள்ளை வீட்டார் எண்ணுவதோ அறைகளை. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி கைக்கூலியை மனைவி காதியிடம் கோரலாம். ஆனால் அச்சட்டம் சொல்லும் கைக்கூலி, பணமும் அசையும் பொருளும்தான்; வீடு அதில் அடங்காது. அந்த வீட்டின் மேலுள்ள கடன் யாருடைய பேச்சிலும் இல்லை. தவணைக்காரன் வாசலில் வந்து நிற்கும் அன்றுதான் மருமகனுக்கு விளங்கும்.

அதே சூராவின் 280ஆவது வசனம், கஷ்டத்திலுள்ள கடனாளிக்கு அவகாசம் கொடுக்கச் சொல்கிறது. போனை எடுக்காமல் ஒளிந்து திரிபவரின் கஷ்டம் கொடுத்தவருக்கு எப்படித் தெரியும்? நான் பார்த்தவரையில் அவகாசம் கிடைத்தவர்கள், தவணைக்கு முதல்நாளே போய், "இந்த மாசம் முழுசா ஏலாது காக்கா, அஞ்சாயிரம்தான் இருக்கு" என்று சொன்னவர்கள்.