விமான டிக்கெட் பணம் "கிரெடிட்" ஆக கிடக்கிறதா? கெடு முடியும் முன் எடுங்க!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் விமான டிக்கெட் என்றால் பலருக்கும் டிராவல்ஸ் கடைதான். பயணம் ரத்தானால் சில நேரம் பணத்துக்கு பதில் "கிரெடிட் ஷெல்" என்ற வரவு விழும். கடைக்காரர் தன் செல் நம்பரை கொடுத்திருந்தால் தகவல் அவருக்குத்தான் போகும். கெடு முடிந்தால் பணம் அம்போ!

டிக்கெட்டில் உள்ள பி.என்.ஆர். எண்ணை சொல்லி விமான கம்பெனியிலேயே பாக்கியை கேட்கலாம். கெடுவுக்குள் புக்கிங் செய்தால் போதுமா, பயணமே முடியணுமா என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது.

திரும்ப வர வேண்டிய பணத்தை வரவாக வைப்பது பயணியின் இஷ்டம், கம்பெனி திணிக்கக்கூடாது என்கிறது டி.ஜி.சி.ஏ. விதி. கொரோனா ஊரடங்கு டிக்கெட்டுகள் பற்றி 2020 அக்டோபர் 1-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. நெருக்கடியில் உள்ள கம்பெனிகள் வரவாக தரலாம், 2021 மார்ச் 31-க்குள் அதை பயன்படுத்தாவிட்டால் பணமாகவே தர வேண்டும் என்று உத்தரவிட்டது.

கெடு நிறைய இருக்கே என்று சும்மா இருப்பதும் ஆபத்து. கோ பர்ஸ்ட் விமானங்கள் 2023 மே 3-ந்தேதி நின்றுபோயின. 2025 ஜனவரியில் அந்த கம்பெனியை கலைக்கவே உத்தரவானது.

இழுத்தடித்தால் மத்திய அரசின் "ஏர் சேவா" இணையதளத்தில் புகார் செய்யலாம். பி.என்.ஆர். எண் கையில் இருக்கணும்.