இதய நோயும் நாட்கூலியும்

கொச்சி மட்டாஞ்சேரியின் பஜார் சாலையில், உப்பங்கழியை ஒட்டிப் பழைய பண்டகசாலைகள் வரிசையாக நிற்கின்றன. மிளகும் சுக்கும் அரிசியும் நெடுங்காலமாக இங்கு மூட்டைகளாக ஏறி இறங்கி வந்துள்ளன. உடலால் உழைப்பவருக்கு இதய நோய் வாராது, அது கல்லாவில் அமர்ந்திருப்பவருக்கே உரியது என்னும் கருத்து இத்தகைய இடங்களில் பரவலாக உள்ளது. இது முழு உண்மையன்று. உழைப்பு இதயத்திற்கு நன்மை தருவது மெய்யே. ஆயினும் பீடி, மது, கருவாடு, ஊறுகாய் ஆகியவற்றால் விளையும் கேட்டை அது முற்றிலும் ஈடு செய்வதில்லை.

ஓய்வாக இருக்கும்போது மனித இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தைச் செலுத்துகிறது. இரத்த அழுத்தம் பல ஆண்டுகள் உயர்ந்தே இருப்பின் தமனிகளின் சுவர் தடித்து இறுகுகிறது. உட்புறம் பழுதுற்ற இடங்களில் கொழுப்புப் படிகிறது. அப்படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து, இதயத் தசைக்குச் செல்லும் தமனியை அடைத்தால் மாரடைப்பு ஏற்படுகிறது. மூளைக்குச் செல்லும் தமனி அடைபட்டாலோ, மூளையில் நாளம் வெடித்தாலோ பக்கவாதம் நேருகிறது. மிகை அழுத்தத்தை எதிர்த்து உழைத்துத் தளர்ந்த இதயம் போதிய இரத்தத்தைச் செலுத்த இயலாத நிலையே இதயச் செயலிழப்பு. கால் வீக்கமும், படுத்தால் மூச்சுத் திணறலும் அதன் அறிகுறிகள். பெயர்கள் வேறாயினும் பெரும்பாலும் வேர் ஒன்றே. சிறு வயதில் வரும் ருமாட்டிக் காய்ச்சல் இதய வால்வுகளைக் கெடுப்பது மட்டும் தனி வகை.

அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் பன்முறை காணப்பட்டால் அது நோயெனக் கொள்ளப்படுகிறது. இடர்ப்பாடு யாதெனில், இந்நோய் வலிப்பதில்லை. வலிக்காத நோய்க்காக ஒரு முற்பகல் வேலையை இழக்க நாட்கூலி பெறுபவர் எளிதில் முன்வரார். மருந்து இலவசமாகக் கிடைப்பினும், இழந்த கூலியே அதன் விலையாகிவிடுகிறது.

நோய் முற்றிய பின் அளிக்கப்படும் சிகிச்சையில் நாடு வெகுதூரம் முன்னேறியுள்ளது. கேரளத்தின் முதல் இதய மாற்று அறுவை சிகிச்சை 2003 இல் கழிக்கு அக்கரையில் உள்ள எர்ணாகுளத்தில் நடைபெற்றது. அடைபட்ட தமனியை விரித்து வைக்கும் ஸ்டென்டுகளில் மருந்து பூசப்பட்ட வகை லட்ச ரூபாய்க்கு மேலும் விற்கப்பட்டு வந்தது. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு அதன் உச்ச விலையை 29,600 ரூபாய் என வரையறுத்தது. இவை வேண்டுவனவே. ஆயினும் அழுத்தத்தை அளக்கும் பட்டைக்கு ஆகும் செலவு இவற்றின் அருகில் மிகச் சிறிது.

2017 நவம்பரில் கேரளம் உள்ளிட்ட 5 மாநிலங்களின் 25 மாவட்டங்களில் தொடங்கிய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சி, எளிய மருந்து முறையையும் தடையற்ற மருந்து வழங்கலையும் முதன்மையாகக் கொண்டது. அதே ஆண்டில் கேரள அரசு தொடங்கிய ஆர்த்ரம் இயக்கம், குடும்ப நல மையங்களின் புறநோயாளர் நேரத்தை மாலை வரை நீட்டியது. கூலித் தொழிலாளரைப் பொறுத்தவரை புதிய கட்டடங்களைவிட இதுவே பெரிய உதவி. 1978 ஆம் ஆண்டின் கேரளச் சுமைத் தொழிலாளர் சட்டத்தின்படி தொழிலாளர் பெயர்கள் பதிவு செய்யப்படுகின்றன. அப்பதிவேட்டைக் கொண்டு பண்டகசாலை வாயிலிலேயே அழுத்தத்தை அளப்பது கடினமன்று. தொடர்ந்து மருந்து உண்ணச் செய்வதே கடினம்: அளவு இறங்கியதும் மாத்திரையை நிறுத்துவோர் பலர். இறங்கியது மாத்திரையினால் ஆதலின், நிறுத்தினால் அது மீண்டும் ஏறும்.